ரத்தம் ஏற்றும் முன் எலும்பு மஜ்ஜை மாற்று மையத்துக்கு ஒரு போன்: நீலகிரி அரசு மருத்துவமனைகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்காக எலும்பு மஜ்ஜை மாற்று முடித்து வரும் பிள்ளைக்குச் சில மாதம் ஹீமோகுளோபின் குறைந்தே இருக்கலாம். உடனே ரத்தப் பைக்கும் இரும்பு மாத்திரைக்கும் கை போகிறது. அங்கேதான் ஆபத்து.

சாதாரணப் பையில் கொடையாளியின் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) உயிரோடு இருக்கும். மற்றவர் உடல் அவற்றை அழித்துவிடும். எதிர்ப்புச் சக்தி இன்னும் தேறாத இந்த உடலால் முடியாது. அவை பெருகித் தோல், குடல், கல்லீரல், மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். எட்டுப் பத்து நாளில் காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு. பிறகு எல்லா அணுக்களும் சரியும். வைரஸ் காய்ச்சல் என்றே தோன்றும். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால் லிம்போசைட்டுகள் பெருகாதபடி 25 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சு கொடுத்த பைதான் வேண்டும். வெள்ளணு வடிகட்டி மட்டும் போதாது. சொந்தக்காரர் ரத்தம் இன்னும் மோசம்: திசு வகை ஒத்துப்போவதால் உடல் அதை அந்நியமென்று கண்டுகொள்ளாமல் விடலாம்.

பழைய அட்டையில் உள்ள ரத்த வகையையும் நம்பாதீர்கள். பி வகைப் பிள்ளைக்கு ஓ வகை அக்காவின் மஜ்ஜை வைத்திருந்தால், புது மஜ்ஜை ஓ வகைச் சிவப்பணுவையே உருவாக்கும்; ஏற்ற வேண்டியதும் ஓ வகைச் சிவப்பணு. மாற்று மையம் எழுத்தில் தருவதே கணக்கு.

ஒரு பையில் 200 முதல் 250 மி.கி. இரும்பு இருக்கிறது, உடல் ஒரு நாளில் இழப்பதோ 1, 2 மி.கி.தான். பல பை ஏறிய பிள்ளையிடம் இரும்பு ஏற்கெனவே குவிந்திருக்கும். கிருமிக்கும் பூஞ்சைக்கும் அது தீனி. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல இரும்பு மாத்திரையைக்கூட மையத்தைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினோடு, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவையும் பாருங்கள். காய்ச்சலிலேயே ஃபெரிட்டின் ஏறும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இதுதான்: இப்பிள்ளைகளின் ரத்தக் கோரிக்கைப் படிவத்தில் ‘கதிர்வீச்சு அவசியம்’ என்று சிவப்பு முத்திரை. கோவையிலிருந்து பை மலையேற மணிக்கணக்காகும். ரத்தப்போக்கு இல்லாத பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 7 கிராமை (ஒரு டெசிலிட்டருக்கு) நெருங்கும்போதே பைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

உயிர் போகும் ரத்தப்போக்கு என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். வெள்ளணு நீக்கிய, முடிந்தால் 14 நாளைத் தாண்டிய பையை ஏற்றுங்கள். நாள்பட்ட பையில் லிம்போசைட்டுகளின் வீரியம் குறைந்திருக்கும். ஏற்றியதை அன்றே மையத்துக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ரத்தநோய் சிகிச்சைக் குழுவினர்