ஆகாஸ் நம்பிய ராஜா

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பெரியவனுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிவிட்டது. குடும்பத்தோடு போய்விட்டான். பேரப்பிள்ளைகள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டத்து இடப் பிரச்சினையை அந்த அரசியல் தலைவர் முடித்துக் கொடுத்தார், ஞாயிறு ஆராதனையில் அவரைப் பீடத்துக்கு முன் நிறுத்தி ஜெபித்தோம், "இனி நமக்கு ஒரு குறையும் வராது, அவர் பார்த்துக்கொள்வார்" என்றுதான் சபை முழுக்கப் பேச்சு என்று எழுதியிருந்தாய். இடம் கிடைத்தது நல்லது. நன்றி சொன்னதும் முறைதான். ஆனால் அந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படித்ததும் வேதத்தில் வரும் யூதாவின் ராஜா ஆகாஸ்தான் நினைவுக்கு வந்தான்.

பிரபுக்களை நம்பாதேயுங்கள் என்கிற 146-ஆம் சங்கீதத்தை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். சாமுவேலிடம் ஜனங்கள் ராஜா கேட்ட கதையும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆகாஸைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பிரசங்கிப்பதில்லை.

கி.மு. 735 வாக்கில் சீரியா ராஜா ரேத்சீனும் இஸ்ரவேல் ராஜா பெக்காவும் சேர்ந்து அவன்மேல் படையெடுத்தார்கள். அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. யூதாவில் ஒரே நாளில் 1,20,000 பேர் மடிந்தார்கள் என்கிறது வேதத்தின் நாளாகமப் புத்தகம். அவனைத் தள்ளிவிட்டு வேறொருவனை ராஜாவாக்குவதுதான் எதிரிகளின் திட்டம். அந்த நேரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி தன் மகனையும் கூட்டிக்கொண்டு போய், வண்ணார் துறை வழியில் மேற்குளத்தருகே அவனைச் சந்திக்கிறார். பயப்படாதே, இவர்கள் இரண்டு பேரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள், அவ்வளவுதான் என்கிறார். ஓர் அடையாளம் கேள் என்றும் சொல்கிறார். கர்த்தரைப் பரீட்சை பார்க்கமாட்டேன் என்கிறான் ஆகாஸ். பக்தியான பதில் போலத்தான் தெரிகிறது. ஆனால் அவன் உதவி கேட்டு ஆள் அனுப்பியது அசீரியாவுக்கு.

அசீரியா ராஜா திகிலாத்பிலேசருக்கு அவன் சொல்லி அனுப்பியதை 2 இராஜாக்கள் 16-இல் எடுத்துப் பார். "நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனுமாயிருக்கிறேன்." தாவீதின் சந்ததிக்கு, நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குமாரன் ஸ்தானத்தை, ஆலயத்தில் இருந்த வெள்ளியும் பொன்னும் சேர்த்து, இவன் ஓர் அந்நிய ராஜாவின் காலடியில் வைத்துவிட்டான்.

இதில் இன்னொன்றையும் கவனி. அசீரியா ராஜா ஏமாற்றவில்லை. கி.மு. 732-இல் சீரியாவின் தலைநகரான தமஸ்குவைப் பிடித்தான், ரேத்சீனைக் கொன்றான். கேட்ட காரியம் நடந்துவிட்டது! ஆகாஸ் கெட்டிக்காரன் என்றுதான் அன்று எருசலேமில் பேசியிருப்பார்கள். ஆனால் பழைய அசீரியத் தலைநகரான நிம்ரூத்தில் கிடைத்த அசீரியக் களிமண் பலகை ஒன்றில், கப்பம் கட்டியவர்களின் பட்டியலில், அம்மோன், மோவாப், ஏதோம், காசா ராஜாக்களோடு யூதாவின் ராஜாவும் ஒருவனாக எழுதப்பட்டிருக்கிறான். அசீரியன் அவனை நெருக்கினானே தவிரப் பலப்படுத்தவில்லை என்று நாளாகமமும் சொல்கிறது.

கப்பத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தன்னைக் காப்பாற்றியவனைப் பார்க்க ஆகாஸ் தமஸ்குவுக்குப் போனான். அங்கே ஒரு பலிபீடத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், அதன் மாதிரியை ஆசாரியன் உரியாவுக்கு அனுப்பினான். ராஜா ஊர் திரும்புவதற்கு முன்பே உரியா அதைக் கட்டி முடித்துவிட்டான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதாக வேதத்தில் இல்லை. ஏசாயா 8-இல் "உண்மையுள்ள சாட்சி" என்று சொல்லப்படும் ஆசாரியன் உரியாவும் இவனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே பெயர், அதே ஊர், அதே காலம். எனக்கு ஆகாஸைவிட இவனை நினைத்தால்தான் மனசு அதிகம் கலங்குகிறது. கர்த்தரின் வெண்கலப் பலிபீடம் ஓரத்துக்குப் போனது. பன்னிரண்டு வெண்கலக் காளைகளின்மேல் சாலொமோன் வைத்த கடல்தொட்டி கல்தளத்துக்கு இறங்கியது. முடிவில் ஆலயக் கதவுகளே பூட்டப்பட்டன.

இனி உங்கள் சபைக்கு வருகிறேன். செங்கல் சூளைக் குடும்பங்களுக்காக மாதாமாதம் ஏறெடுத்த ஜெபத்தை இப்போது விட்டுவிட்டோம், சூளை அந்தத் தலைவருடைய ஆட்களுடையது, எதற்கு வம்பு என்று ஒரு வரி எழுதியிருந்தாய். கோவில் மதிலில் அவர் பேனர் தொங்குவதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏழைக்காக ஜெபிக்க அவர் முகத்தைப் பார்க்கிறோம் என்றால், பீடத்தில் யாரை வைத்திருக்கிறோம்? அவர் இப்படிக் கேட்கவே இல்லை என்பாய். உரியாவும் ராஜா வரும்வரை காத்திருக்கவில்லையே.

ரோமர் 13-ஐ நீ எடுத்துக் காட்டுவாய், தெரியும். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும், வரி கட்ட வேண்டும், அதிகாரிகளுக்காக ஜெபிக்க வேண்டும். எல்லாம் சரி. ஒருவருக்காகக் கர்த்தரிடம் ஜெபிக்கலாம். கர்த்தரிடம் கேட்க வேண்டியதை அந்த மனுஷரிடமே கேட்கத் தொடங்கக் கூடாது.

அப்புறம் நடந்ததையும் பார். கி.மு. 701-இல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்தான். அவனுடைய தளபதி ரப்சாக்கே எருசலேமுக்கு வந்து நின்று கர்த்தரை நிந்தித்த இடம் எது தெரியுமா? வண்ணார் துறை வழியிலுள்ள அதே மேற்குளம். தகப்பன் கூப்பிட்டவர்கள் மகன் எசேக்கியாவின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எசேக்கியாவும் முதலில் வெள்ளியும் பொன்னும் கொடுத்துத்தான் பார்த்தான். கடைசியில் மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபித்தான். அதன்பிறகுதான் விடுதலை வந்தது.

சேகரக் கமிட்டியில் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்தச் சூளைக் குடும்பங்களின் ஜெபத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல். குருவானவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடு, அவரைச் சபைக்கு முன் சங்கடப்படுத்த வேண்டாம். யாராவது எதிர்த்தால் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

சின்னவள் குழந்தைக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். தேதி முடிவானதும் போன் செய்கிறேன். மதினியையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

அன்புடன்,
உன் நண்பன்