ஃபேக்டர் மலை மேலேயே இருக்கட்டும்

சேலம் மாவட்ட மருத்துவ, பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா நோய் உள்ள பிள்ளைக்கு ஏற்காட்டில் தலையில் அடிபட்டால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஸ்கேன் எடுத்து, அப்புறம் ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் புரத மருந்து) என்ற வரிசை கூடவே கூடாது. தலையில் அடி என்றால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். மூளைக்குள் கசியும் ரத்தம் வாந்தியாக, மயக்கமாக வெளியே தெரியச் சில நேரம் மணிக்கணக்காகும். அதுவரை பிள்ளை நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும்.

ஆகவே ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஹீமோபீலியா ஏ பிள்ளைகளுக்கான ஃபேக்டர் 8, ஹீமோபீலியா பி பிள்ளைகளுக்கான ஃபேக்டர் 9 இரண்டும் ஒரு அவசர டோஸாவது எப்போதும் இருக்க வேண்டும். ஃபேக்டர் 8 கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ரத்தத்தில் 2 சதவீதம் ஏறும். 20 கிலோ பிள்ளையை 100 சதவீதத்துக்குக் கொண்டுவர 1000 யூனிட். ஃபேக்டர் 9 ஏறுவது 1 சதவீதம்தான். 80 சதவீதத்துக்கே 1600 ஆகும். கணக்கு குப்பியின் நடுவில் நின்றால் முழுக் குப்பியையும் போட்டுவிடுங்கள், மிச்சத்தைக் கொட்ட வேண்டாம்.

இருப்பு வைத்தால் மட்டும் போதாது. 2 முதல் 8 டிகிரி. உறைந்தால் மருந்து வீண், அதனால் ஃபிரீசர் தட்டை ஒட்டி வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரிக்குப் போனது என்று யாராவது குறித்திருக்க வேண்டும். கலக்கும்போது அவசரத்தில் குலுக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு: நுரை கட்டி, புரதம் கெட்டு, டோஸ் குறையும். குப்பியை உள்ளங்கையில் மெல்லச் சுழற்றினாலே தூள் கரைந்துவிடும். கூடவே வரும் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். கலந்ததை 3 மணி நேரத்துக்குள், ரத்தக் குழாயில், மெதுவாக ஏற்ற வேண்டும். வலிக்கென்று இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டும். பாராசிட்டமால் போதும்.

இன்ஹிபிட்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடுமையான ஹீமோபீலியா ஏ உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஃபேக்டரையே எதிர்க்கும் எதிர்ப்புப் பொருள் உருவாகிறது, பெரும்பாலும் முதல் 20 டோஸ் நாட்களுக்குள். வழக்கமான டோஸுக்கு ரத்தம் நிற்கவில்லையென்றால் மேலும் மேலும் ஊற்றாமல் அதற்கான பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஃபேக்டர் 9 போடும் பிள்ளைகளுக்கு ஆரம்ப டோஸ்களில் கடும் ஒவ்வாமை வரலாம். அந்த முதல் 10 முதல் 20 ஊசிகளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்க, போடுவதே சரி.

ரத்தக் கசிவைத் தடுக்க எமிசிசுமாப் என்ற ஊசி போடும் பிள்ளைக்கு, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனை நார்மலாகவே காட்டும். அதைப் பார்த்து ஃபேக்டர் தேவையில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்குப் போடும் ஃபீபா மருந்தைக் கொடுப்பதற்கு முன்பும் எமிசிசுமாப் பற்றிக் கேட்டாக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் நுண்குழாய்களில் ரத்தம் உறையும்.

மலை மேல் வைத்த மருந்து காலாவதியாகிவிடும் என்பீர்கள். காலாவதிக்கு 3 மாதம் இருக்கும்போதே குளிர்ப்பெட்டியில் வைத்துச் சேலத்துக்கு அனுப்பி, அங்கே அன்றாடச் செலவில் சேர்த்து, புதிய குப்பியை மேலே ஏற்றச் சொல்லி ஒரு ஆணை போடுங்கள்.

இப்படிக்கு,
ஹீமோபீலியா பிள்ளைகளின் பெற்றோரும் செவிலியரும், சேலம்