செல்லூரிலிருந்து பங்காளிக்கு

மதுரை,
14-12-2025

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரமாச்சு. ஹாக்கி முடியட்டும், மொத்தமா எழுதலாம்னு வச்சிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப பரவாயில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு. வீட்டுச் சேதி அவ்வளவுதான்.

நவம்பர் 2 ராத்திரி பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தப்ப நெரூல் மைதானத்துச் சத்தம் உன் வீட்டு மாடி வரைக்கும் கேட்டுச்சுன்னு எழுதியிருந்தியே, அந்த வரியை மகளுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். அரையிறுதியில ஆஸ்திரேலியா 338 அடிச்சதும் இனி எங்கன்னு நான் எந்திரிச்சுக் கடைக்குப் போயிட்டேன். "வாங்கப்பா, ஜெமிமா நிக்கிறா"ன்னு போன் பண்ணிக் கூப்பிட்டது அவதான். 127 அடிச்சு அவுட்டாகாம நின்ன பொண்ணு அழுதப்ப எங்க வீட்டுலயும் யாருக்கும் பேச்சு வரல. இத்தனை வருஷமா பெண்கள் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்காம விட்டுட்டேனேன்னு வருத்தமா இருக்கு. அதை மககிட்டயே சொன்னேன்.

ஐபிஎல்ல நம்ம சென்னை அணி ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பிட்டு சாம்சனை எடுத்தது எனக்கு இன்னும் ஆறலை. கடைசி இடத்துக்குப் போன அணிக்கு மாத்தம் வேணும், ஒத்துக்கிறேன். சாம்சனும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனா 2023 இறுதியாட்டத்துல ரெண்டு பந்துல பத்து ரன் வேணும்கிறப்ப ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடிச்சுக் கோப்பையைக் கையில கொடுத்தவரு ஜடேஜா. அவரை மஞ்சச் சட்டையிலேயே விளையாடி முடிக்க விட்டிருக்கணும்.

சரி, ஹாக்கிக்கு வர்றேன். ஜூனியர் உலகக் கோப்பையை மதுரையில பார்ப்போம்னு நாம நினைச்சிருப்பமா? 24 நாடு. சென்னையில பாதி, நம்ம ரேஸ்கோர்ஸ் மைதானத்துல பாதி. டிசம்பர் 2 சுவிட்சர்லாந்தோட நம்ம பசங்க ஆடினப்ப நானும் சின்னவனும் போயிருந்தோம். நீலத் தரை, அதுல தண்ணி தெளிச்சு விளக்கு வெளிச்சத்துல பார்க்கும்போது கண்மாய் மாதிரி மின்னுது. பந்து போற வேகத்துக்கு என் கண்ணு ஓடலை, சின்னவன்தான் யார் கிட்ட இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தான். 5-0ன்னு ஜெயிச்சோம். அரையிறுதியில ஜெர்மனிகிட்ட 1-5ன்னு அடிவாங்கினதும் ஊரே சோர்ந்து போச்சு. ஆனா வெண்கலத்துக்கான ஆட்டத்துல அர்ஜென்டினாகிட்ட 0-2ன்னு பின்தங்கி இருந்து, கடைசிப் பதினோரு நிமிஷத்துல நாலு கோல் போட்டாங்க பாரு! கோச் ஸ்ரீஜேஷ் நல்லாத்தான் பழக்கியிருக்காரு. இனி அந்தத் தரையைப் பூட்டி வைக்காம, நம்ம அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில ரெண்டு மணி நேரம் திறந்துவிட்டாப் போதும்.

அன்னைக்கு எனக்கு மனசுல நின்னது ஆட்டம் மட்டும் இல்லடா. ஆட்டம் முடிஞ்சு நாங்க வெளிய வந்தது. எல்லாருக்கும் உட்கார இடம், வந்த வழி தனி, போற வழி தனி. சின்னவன் கையை நான் பிடிக்கவே இல்லை, அவன் பாட்டுக்கு முன்னாடி நடந்தான். அப்ப எனக்குக் கரூர் ஞாபகம் வந்துருச்சு.

செப்டம்பர் 27 அங்க விஜய் கட்சிக் கூட்டத்துல நடந்த நெரிசலை நினைச்சா இப்பவும் சோறு இறங்கலை. மத்தியானமே வருவாருன்னு சனம் காலையில இருந்து நின்னுச்சு, விஜய் வந்து சேர்ந்தது ராத்திரி ஏழு மணி வாக்குல. 41 உயிர், அதுல பிள்ளைங்களும் உண்டு. வழக்கு சிபிஐ கையில இருக்கு, யார் மேல எவ்வளவு தப்புன்னு அவங்க சொல்லட்டும். ஆனா நேரம் சொல்லிக் கூப்பிட்டவன் அந்த நேரத்துக்கு வரணும், முடியலைன்னா சனத்தை வீட்டுக்கு அனுப்பணும். இதுல கட்சி வித்தியாசம் எனக்கு இல்லை. இது ஒருத்தரோட போற காரியமும் இல்லை. ஜூன் மாசம் பெங்களூருல ஐபிஎல் கோப்பை ஜெயிச்ச சந்தோஷத்துல கூடின கூட்டத்துல நெரிசலாகி 11 பேர் போனாங்க. 2022-ல அழகர் ஆத்துல இறங்குறப்ப நம்ம ஊர்லயே ரெண்டு பேர் நெரிசல்ல செத்தாங்க.

நாம எட்டாவது படிக்கிறப்ப முதல் நாள் படத்துக்குப் போனமே, டிக்கெட் கொடுக்கிற அந்தக் குகை மாதிரி சந்துக்குள்ள நான் மூச்சு முட்டி நின்னப்ப நீ என் சட்டைக் காலரைப் பிடிச்சு மேல தூக்கினது ஞாபகம் இருக்கா? காலர் கிழிஞ்சதுக்கு அப்பா அடிச்ச அடியைத்தான் அப்பல்லாம் சொல்லித் திரிஞ்சேன். இப்பத்தான் தெரியுது நீ எதுல இருந்து என்னை இழுத்தேன்னு. அண்ணன் மகன் போன வருஷம் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போய், வெயில்ல மயங்கி விழுந்து யாரோ முகந்தெரியாதவங்க தண்ணி கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. வர்ற வருஷம் சட்டமன்றத் தேர்தல். எல்லாக் கட்சியும் ஆள் சேர்ப்பாங்க. சின்னவனை எந்தக் கூட்டத்துக்கும் விடமாட்டேன்னு சொல்லிட்டேன். முகத்தைத் தூக்கி வச்சிருக்கான், இருக்கட்டும்.

மெட்ரோவைப் பத்திக் கேட்டிருந்த. 2011 கணக்கெடுப்புல இருபது லட்சம் சனம் இல்லைன்னு திட்டத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பதினாலு வருஷத்துல இந்த ஊர் எவ்வளவு வீங்கியிருக்குன்னு சாயங்காலம் கோரிப்பாளையத்துல பத்து நிமிஷம் நின்னாத் தெரியும். மறுபடி கேட்கணும், விடக்கூடாது.

முந்தாநாள் ரஜினிக்கு 75. தியேட்டர்ல அவரோட 1999 படத்தைத் திரும்பப் போட்டாங்க. நான் ரெண்டாம் நாள் மத்தியானக் காட்சிக்குப் போனேன். நல்லா இருந்துச்சு, நீ பக்கத்துல இல்லாததுதான் குறை.

சித்திரைத் திருவிழாவுக்குக் கண்டிப்பா வா. லீவு இப்பவே எழுதிக் கொடுத்துரு. ஆத்துக்குள்ள இறங்க வேணாம். ஆத்தங்கரையில என் மச்சான் வீட்டு மொட்டை மாடி இருக்கு, விடிய நாலு மணிக்கே பாய் விரிச்சு இடம் பிடிச்சு வைக்கிறேன். அங்க இருந்தே அழகரைப் பார்த்துக்கலாம்.

அன்புடன்,
உன் பங்காளி