ஹாலே நகரத்துச் சண்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கமலாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

மேற்கத்திய தத்துவவாதிகள் சீனாவிடம் உண்மையிலேயே ஏதாவது கற்றார்களா, அல்லது மரியாதைக்கு நாலு வார்த்தை சொன்னதோடு சரியா என்று கேட்டிருந்தாய். ஜெர்மன் தத்துவவாதியும் கணித மேதையுமான லைப்னிட்ஸ் 1697-லேயே எழுதினார்: நாம் அங்கே பாதிரிமாரை அனுப்புகிறோம், அவர்களும் இங்கே ஆள் அனுப்பி நமக்குப் போதிக்கட்டும் என்று. பெய்ஜிங்கிலிருந்து பூவே பாதிரியார் அனுப்பிய, ‘ஈ சிங்’ என்ற பழைய சீன நூலின் கோட்டுருவங்கள் கொண்ட வரைபடம் 1703-ல் அவர் கைக்கு வந்தது. முறிந்த கோடு பூஜ்யம், முழுக்கோடு ஒன்று என்று வைத்து, 64 உருவங்களிலும் 0 முதல் 63 வரை தன் இரும எண்களை, அதாவது பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே கொண்டு எழுதும் எண்களை, கண்டார். எனக்கென்னவோ அங்கே அவர் தன் முகத்தைத்தான் பார்த்தார் என்று படுகிறது. ‘எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்டாரே, அதுதான் பெரிது.

சீனாவிடம் கற்க இருக்கிறது என்று மேடையிலேயே சொன்னவர் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி, கிறிஸ்டியன் வோல்ஃப். 1721 ஜூலையில், பிரஷ்ய நாட்டு ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் விழாவில், சீன ஞானி கன்ஃபூசியஸின் அறம் வேதவெளிப்பாடு எதுவுமில்லாமல் மனித அறிவாலேயே விளைந்தது என்று பேசினார். பொறுப்பேற்ற லாங்கே, ஹாலேயின் கிறிஸ்தவ பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்; அவரே எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். 1723 நவம்பரில் அரசர் பிரெடரிக் வில்லியம் உத்தரவு போட்டார்: 48 மணி நேரத்துக்குள் பிரஷ்யாவை விட்டு வெளியேறு, இல்லாவிட்டால் தூக்கு. மார்பர்க் நகரம் அவருக்கு இடம் கொடுத்தது. அந்த அரசர் இறந்த பிறகு, 1740-ல்தான் ஹாலேவுக்குத் திரும்பினார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் தெரியுமா? தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்றதும் இதே ஹாலே பக்தி இயக்கத்தார்தான். அவர் நம் நீதி நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் பெரிய நூல் ஒன்றை எழுதி அனுப்பினார். அந்த மதத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கல்ல என்பது ஹாலேயில் அந்த இயக்கத்தின் தலைவராக இருந்த பிராங்கேயின் நிலை. கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்து, 1867-ல் சென்னையில்தான் அச்சேறியது. வெறும் மரியாதைப் பேச்சென்றால் அவர்கள் எதற்கு இவ்வளவு பயப்பட வேண்டும், சொல்.

பொங்கலுக்கு நீ வந்தால் தரங்கம்பாடி போய்வரலாம். தேதியை எழுது, அறைக்குச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்