எனோலா கே அருகில் ஒரு வரி

வாஷிங்டன் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வர்ஜீனியாவில் உள்ள உங்கள் சான்டிலி மையத்தில், 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கே விமானம் பளபளவென்று நிற்கிறது. 1984இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதைச் செப்பனிட்டீர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் 2003இல் அதன் அருகே நீங்கள் வைத்த குறிப்பு, அதன் வகையான பி-29 எவ்வளவு நுட்பமான குண்டுவீச்சு விமானம் என்று விவரித்துவிட்டு, போரில் முதல் அணுகுண்டை ஹிரோஷிமாவில் வீசியது இதுதான் என்று சொன்னது. செத்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எண்ணிக்கையைச் சேர்க்கும்படி அறிஞர்கள் கேட்டபோது, எல்லா விமானங்களுக்கும் இதே முறைதான் என்றீர்கள். எல்லா விமானங்களும் ஒரு நகரத்தை ஒரே குண்டில் எரித்தனவா?

1995இல் இதே விமானத்தை வைத்து நடத்தவிருந்த கண்காட்சிக்காக ஹிரோஷிமாவிலிருந்து ஒரு பள்ளி மாணவியின் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தீர்கள். உள்ளே இருந்த சோறும் பச்சைப் பட்டாணியும் கரியாகிவிட்டன. கட்டடங்களை இடித்து அகற்றும் வேலைக்குப் போன சிறுமி அவள். பெட்டி கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. கண்காட்சியை அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தார்கள், அமெரிக்க மேலவையான செனட் கண்டித்தது, 1995 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது.

படைவீரர்களின் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஜப்பானியர் தங்கள் பண்பாட்டைக் காக்கப் போரிட்டார்கள் என்ற பொருளில் கண்காட்சி உரையின் முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. சீனாவின் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையை அறிந்தவர்களுக்கு அது கொதிக்கத்தான் செய்யும். அதற்கு வழி நான்ஜிங்கையும், ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரையும் விரிவாக எழுதுவது. சிறுமியின் பெட்டியை எடுத்துவிடுவது எப்படி வழியாகும்? ஹிரோஷிமா அருங்காட்சியகமே 1994இல் தன் நகரம் படைத்தளமாக இருந்த வரலாற்றைச் சேர்த்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட ஊருக்கு அந்தத் துணிவு இருந்தது.

குண்டு வீசியது சரியா தவறா என்று தீர்ப்பெழுதச் சொல்லவில்லை. வாதம் நடக்கட்டும். நடந்ததை எழுதுங்கள்: 1945 முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது ஹிரோஷிமா நகரத்தின் கணக்கு. அவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் உண்டு. அந்த வரியைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். முடிந்தால், அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வரலாறு வாசிக்கும் ஒருவர்