விளையாடிய பிள்ளைகளின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் வடமராட்சி உதைபந்தாட்ட இறுதியாட்டம் பற்றி ஒரு சிறு செய்தி வந்திருந்தது. எந்த ஊர் வென்றது, எத்தனை கோல், கிண்ணத்தை வழங்கிய பிரதம விருந்தினர் யார், சிறப்பு விருந்தினர் யார், கௌரவ விருந்தினர்கள் யார் யார், அவர்களின் பதவி என்ன, எல்லாம் இருந்தன. விளையாடிய பிள்ளைகளில் ஒருவருடைய பெயரும் இல்லை. கோல் அடித்தவரின் பெயர்கூட இல்லை.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வெள்ளவத்தையில் இருக்கிறேன். இந்தக் குறை என் மனதில் நாற்பது வருடமாகக் கிடந்தது. அதை எழுத்தில் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அயர்லாந்துக்குப் போய் வந்த பிறகுதான் வந்தது.

2024 ஆகஸ்டில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனேன். பத்தியச் சரக்குத் தூளைப் பெட்டிக்குள் கட்டிக்கொண்டு போய் மூன்று மாதம் நின்றேன். மகளும் மருமகனும் இருப்பது கிளேர் என்ற கவுன்டியில், எனிஸ் என்ற பட்டணத்தில். கவுன்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி. நான் போய் இறங்கியபோது ஊர் முழுக்க மஞ்சளும் நீலமுமாய்க் கொடிகள். கடைக் கண்ணாடியிலும் வீட்டு மதிலிலும் அதே நிறம். ஏதோ திருவிழா முடிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஜூலை 21ஆம் திகதி டப்ளினில் நடந்த ஹேர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டத்தின் அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் கிளேர் கோர்க் என்ற கவுன்டியை வென்றிருந்தது. மருமகன் புள்ளிக் கணக்கைச் சொன்னார்: கிளேர் 3-29, கோர்க் 1-34. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிறகு பழகிக்கொண்டேன். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் நுனி அகன்ற ஒரு மர மட்டை. கிரிக்கெட் பந்தைவிடச் சின்னதும் இலேசானதுமான தோல் பந்து. பந்து தரையில் உருளும்போதும் அடிக்கலாம், காற்றில் பறக்கும்போது ஓடிக்கொண்டே அடிக்கலாம், மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டும் ஓடலாம். கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம். அதற்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் நிற்பார்கள். கோல் என்றால் பச்சைக் கொடி, புள்ளி என்றால் வெள்ளைக் கொடி. ஆகவே 3-29 என்றால் ஒன்பதும் இருபத்தொன்பதும் முப்பத்தெட்டு. 1-34 என்றால் முப்பத்தேழு. மேலதிக நேரமும் விளையாடி, ஒரே ஒரு புள்ளியில் வென்றிருக்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பெரிய ஆட்டத்தைப் பற்றி அல்ல. அது முடிந்த பிறகு தொடங்குகிற ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டியைப் பற்றி.

அதை எனக்கு விளங்கப்படுத்தியவர் பக்கத்து வீட்டம்மா. என் வயதுதான் இருக்கும். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஒரு கேக்கோடு வந்தவர், பிறகு நாள் தவறாமல் பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அவர் சொன்னது இது. கத்தோலிக்கப் பங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம், சில இடங்களில் இரண்டு மூன்று பங்கு சேர்ந்து ஒன்று. எந்தப் பங்கில் வளர்கிறாயோ அதற்குத்தான் விளையாடுவாய். ஆட்டக்காரனை விலைக்கு வாங்கும் பேச்சே இல்லை. யாருக்கும் சம்பளமும் இல்லை. டப்ளின் மைதானத்தில் எண்பதாயிரம் பேருக்கு முன்னால் விளையாடியவனும் அடுத்த கிழமை வேலைக்குப் போவான். அதற்கு அடுத்த கிழமைகளில், தன்னோடு பள்ளிக்கூடம் போன பெடியன்களோடு சேர்ந்து பக்கத்து ஊருக்கு எதிராக இறங்குவான். ஜூலையில் கிண்ணத்தைத் தூக்கிய கிளேர் தலைவர் டோனி கெல்லி, எனிஸுக்குக் கிட்ட இருக்கிற பாலியே என்ற சின்னக் கழகத்துக்காரர். கவுன்டிக்கு ஒன்றாக நின்றவர்கள் கழகம் என்று வந்தால் எதிரும் புதிரும்தான்.

கழகங்களுக்குச் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று படிகள் உண்டு. ஜூனியர் என்றால் வயதில் சிறியவர்கள் என்று அர்த்தமில்லை, தரத்தில் கீழ்ப்படி. முதலில் குழுக்களாக விளையாடி, பிறகு தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களாகப் போய் இறுதியாட்டத்துக்கு வரும். கடைசியில் வருகிற கழகம் ஒரு படி இறங்கவேண்டும். சீனியரில் வென்ற கழகம் மாகாணப் போட்டிக்குப் போகும், அதையும் வென்றால் அகில அயர்லாந்துக் கழகக் கிண்ணத்துக்கு.

அந்த அம்மாவின் மகன் ஜூனியரில் விளையாடுகிறான். ஒரு நாள் அவனுடைய மட்டையை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். ஆஷ் மரம். அடிமரம் வேரோடு சேரும் இடத்தில் வெட்டி எடுப்பார்களாம், அங்கேதான் மரத்தின் ரேகை தானாகவே வளைந்து ஓடும். எங்கள் ஐயா கலப்பைக்கு வளைந்த மரம் தேடி அலைந்தது ஞாபகம் வந்தது. நேர் பலகையை வளைவாக அறுத்தால் முதல் உழவிலேயே முறிந்துவிடும் என்பார் ஐயா. மட்டையின் நுனியில் ஒரு தகரப்பட்டி, கைப்பிடியில் சுற்றிய பட்டி வியர்வையில் கறுத்திருந்தது. இப்போது ஒரு பூஞ்சண நோய் வந்து நாடு முழுக்க அந்த மரம் பட்டுப்போகிறது என்று சொன்னபோது அந்த அம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

ஒக்டோபரில் கிளேர் சீனியர் இறுதியாட்டம் எனிஸில் உள்ள குசாக் மைதானத்தில் நடந்தது. 1884இல் இந்த விளையாட்டை நடத்துகிற சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கல் குசாக்கின் பெயரில் உள்ள மைதானம், அவரும் கிளேர்க்காரர். மகளும் பிள்ளையும் வீட்டில் நிற்க, மருமகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஃபீக்கிள் என்ற மலைப்பக்கத்துக் கிராமமும், கிண்ணத்தைப் பலமுறை எடுத்த சிக்ஸ்மைல்பிரிட்ஜும். ஃபீக்கிள் கடைசியாக வென்றது 1988இல். கிளேரின் கோல் காவலர் ஈவர் குவிலிகனும் பின்வரிசைக்காரர் ஆடம் ஹோகனும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள்.

ஆட்டத்தைவிட நான் சனத்தைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவர், பக்கத்தில் பேத்தி. யாராவது பந்தைப் பிடித்தவுடன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இலக்கத்தைச் சொல்லவே மாட்டார். மைதானத்தில் நின்ற ஃபீக்கிள்காரர் பதினைந்து பேரையும் அவருக்குப் பெயரால் தெரியும், தகப்பன்மாரையும் தெரியும். ஃபீக்கிள் வென்றது. கடைசி விசில் ஊதியதும் சனம் வேலி தாண்டி உள்ளே ஓடியது. அந்தக் கிழவர் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முப்பத்தாறு வருடம். பேத்தி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

சரி, இனி எனக்குச் சொல்லவேண்டிய இடம் வருகிறது.

கிளேரில் 1903 முதல் ‘கிளேர் சாம்பியன்’ என்று ஒரு வாரப் பத்திரிகை வருகிறது. அது வந்த அன்று பக்கத்து வீட்டம்மா பத்திரிகையை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள்ளே ஓடி வந்தார். அவர் காட்ட வந்தது சீனியர் இறுதியாட்டத்தை அல்ல, தன் மகனின் ஜூனியர் ஆட்டத்தை. அன்று பார்க்க வந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்காது, நானும் குடையோடு நின்றேன். மகன் தொடக்க அணியில் இல்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மாற்று ஆளாக இறங்கினான். பந்து ஒருமுறை அவனிடம் வந்தது, அவ்வளவுதான். பத்திரிகையில் இரண்டு அணியின் பதினைந்து பேரும் கோல் காவலரிலிருந்து வரிசையாக இருந்தார்கள். யார் யார் எத்தனை கோல், எத்தனை புள்ளி என்று இருந்தது. அதற்குக் கீழே மாற்று ஆட்டக்காரர்கள், அவர்களில் கடைசியாக அந்தப் பிள்ளையின் பெயர். இன்னாருக்குப் பதில் இன்னார், 58ஆவது நிமிடம். நடுவரின் பெயர்கூட இருந்தது. அந்த அம்மா என்னுடைய பேனையை வாங்கி மகனின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். ஏன் என்று அவருக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. அதைத் தங்களுக்குச் சொல்கிறேன்.

1982இல் எங்கள் ஊர்க் கழகம் ஒரு சுற்றுப்போட்டியில் வென்றது. என் தம்பி கோல் காவலன். இறுதியாட்டத்தில் தண்ட உதையைத் தடுத்தான், ஒன்றுக்குப் பூச்சியம் என்று வெற்றி. ஐயா ஆறு நாள் தொடர்ந்து வெள்ளன எழும்பி வாசிகசாலைக்குப் போனார். ஏழாம் நாள் ஒரு பத்திரிகையில் மூன்று வரி வந்தது. ஊரின் பெயர் இருந்தது, கிண்ணம் கொடுத்தவரின் பெயர் இருந்தது. ஐயா கடையில் ஒரு பிரதி வாங்கி வந்தார். அந்த மூன்று வரியைச் சுற்றி இருந்த வெள்ளை ஓரத்தில் தன் கையால் பதினொரு பேரின் பெயரையும் எழுதினார், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, பொடி எழுத்தில். பத்திரிகை செய்யாததை அவர் செய்தார். பிறகு அதை வெட்டி ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தார். 1987இல் சண்டைக்குப் பயந்து வடமராட்சியில் இருந்து ஓடியபோது வீடும் போனது, பெட்டியும் போனது.

போன வருடம் தம்பியோடு தொலைபேசியில் கதைத்தபோது அந்தப் பதினொரு பேரையும் சொல்லிப் பார்த்தோம். அவன் ரொறொன்ரோவில், நான் இங்கே. ஒன்பது பேர் வந்தார்கள். இடது பக்கம் ஓடிய உயரமான பெடியன், பேக்கரிக்காரரின் மருமகன், அவனுடைய முகம் இரண்டு பேருக்கும் தெரிகிறது, பெயர் வரவில்லை. இன்னொருவன் முகமும் வரவில்லை. அந்த அணியில் மூன்று பேர் பிறகு உயிரோடு இல்லை. அவர்கள் ஒரு நாள் வென்றார்கள் என்பதற்கு அச்சில் ஒரு சாட்சி கிடையாது.

ஆசிரியர் அவர்களே, இடம் இல்லை என்று சொல்வீர்கள் என்று தெரியும். நான் எண்ணிப் பார்த்தேன். கடந்த ஞாயிறுச் செய்தியில் விருந்தினர்களின் பெயரும் பதவியும் முப்பத்தொரு சொல். ஒரு அணியின் பதினொரு பிள்ளைகளின் பெயரை முதலெழுத்தோடு போட்டால் இருபத்திரண்டு. வடக்கின் பெருஞ்சமர் என்ற கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டம் வந்தால் இரண்டு கல்லூரிகளிலும் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை ஓட்டம், யாருடைய பந்தில், யாரிடம் பிடி கொடுத்தார் என்று முழுதாகப் போடுகிறீர்கள். அது நல்லது, அப்படித்தான் வேண்டும். அதே மரியாதையைப் பருத்தித்துறைக் கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைக்கும், மட்டக்களப்புப் பிள்ளைக்கும், ஹற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கும், முகத்துவாரத்தில் சப்பாத்தில்லாமல் ஓடுகிற பிள்ளைக்கும் கொடுங்கள். பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் அப்படியே.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். கவுன்டி அணியின் பெயர்ப்பட்டியலைப் போடும்போது ஒவ்வொருவரின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் அவருடைய கழகத்தின் பெயர் வரும். எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி. 2005இல் கோர்க்கின் தலைவராகக் கிண்ணம் வாங்கிய ஷோன் ஓக் ஓ ஹால்பீனின் தாய், பிஜியைச் சேர்ந்த ரொட்டுமா தீவுக்காரி. அவர் சிறுவனாக வந்து சேர்ந்த கோர்க் கழகத்தின் பெயர் நா பியர்சி, அவருடைய பெயர் வருகிற பட்டியலிலெல்லாம் அதுவும் கூடவே வரும். என் பேரன் அங்கேயே பிறந்த பிள்ளை. மகள் அவனை எந்தக் கழகத்தில் சேர்ப்பாள் என்று பக்கத்து வீட்டம்மா இப்போதே முடிவு செய்துவிட்டார். எங்கள் தேசிய அணியில் ஒரு தமிழ்ப் பிள்ளை தெரிவானால், அவன் முதலில் உதைத்த சனசமூக நிலையத்துக் கழகத்தின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

கழகங்கள் பெயர்களை அனுப்புவதில்லை என்று தங்கள் நிருபர் சொல்லக்கூடும். கேட்டால் அனுப்புவார்கள். நான் கேட்டேன். கடந்த ஞாயிறுச் செய்தியில் வந்த அதே இறுதியாட்டத்தின் பெயர்ப்பட்டியலை என் பெறாமகன் வட்ஸ்அப்பில் அனுப்பினான். அதைத் தெளிவாகப் பிரதிசெய்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு அணியிலும் பதினொருவர், மாற்று ஆட்டக்காரர் ஏழு பேர், கோல் அடித்தவர் இரண்டு பேர், நடுவர். எழுத்துப்பிழை வராமல் ஒவ்வொரு பெயரையும் கழகச் செயலாளரிடம் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன். வருகிற ஞாயிறு போட்டாலும் பிந்தியதாகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு – 06