ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பவர்களுக்காக ஒரு மடல்

மாண்புமிகு குற்றவியல் நடுவர்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவரின் கணவர், கட்டட வேலைக்குப் போகிறவர். அடிதடி வழக்கொன்றில் கைதானார். நீதிமன்றம் ஜாமீனும் கொடுத்துவிட்டது. ஆனாலும் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டுமாம். அக்கா இருப்பது வாடகை வீட்டில். வீட்டுக்காரரைக் கேட்டால், "கோர்ட்டு, கேஸுன்னு என்னை இழுக்காதம்மா" என்கிறார். கணவரின் அண்ணன் தயார்தான், ஆனால் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் ரசீது ஏது? வேலை செய்யும் வீடுகளில் கேட்க அக்காவுக்குப் பயம். புருஷன் ஜெயிலில் இருப்பது தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும். காசு கொடுத்தால் ஆள் பிடித்துத் தருவதாக நீதிமன்ற வாசலிலேயே ஒருவர் சொன்னாராம். அதற்குக் காசு இருந்தால் அக்கா ஏன் இப்படி அலையப் போகிறார்?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1978-இல் மோத்தி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்ததையும் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே வேலை செய்கிறவரிடம் அதே தொகையைக் கேட்கிறோம். ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை நிர்வாகம் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் தாக்கலாகாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக முன்வந்து பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பண உதவி செய்யும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. அக்காவிடம் இதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே கேட்கிறேன்: ஜாமீன்தாரர் இல்லாத ஏழையைச் சொந்தப் பிணையில், அதாவது அவரே எழுதித் தரும் உறுதியின் பேரில், விடுங்கள்.

வசதியானவர் மீது வழக்கு என்றால் கைதாகும் முன்பே முன்ஜாமீன் மனு தயாராகிவிடுகிறது. மூத்த வழக்கறிஞர் வருகிறார், ஜாமீன்தாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மீறிச் சிறைக்குப் போனாலும் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்விடுகிறார். நாட்டின் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு வரி ரசீது இல்லாததால் மட்டும் உள்ளே கிடக்கிறார்கள்? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று இவர்களுடைய பிள்ளைகளிடம் போய் யார் சொல்வது?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பட்டியலை உங்கள் மாவட்டச் சிறையிலிருந்து இந்த வாரமே வரவழைத்துப் பாருங்கள். ஓடிவிடுவார் என்று அஞ்சக் காரணம் இல்லாதவர்களைச் சொந்தப் பிணையில் விடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த அக்காவின் தெருக்காரர்